பர்வீனும் ஃபெரோஸும் அரபிப் பேரு இல்லீங்க: பாரசீகப் பேருங்களைப் பத்தி எளிமையா ஒரு விளக்கம்

ஃபெரோஸ், பர்வீன், ஷிரீன், ஷாருக், ஜாம்ஷெட், குல்நாஸ். இதுல எந்தப் பேரைக் கேட்டாலும் நம்மாளுங்க டக்குனு முஸ்லிம் பேருன்னு சொல்லிடுவாங்க, முஸ்லிம் பேருன்னா அரபிதானேன்னு அதையும் சேத்து முடிவு பண்ணிடுவாங்க. ஆனா இந்த ஆறுல ஒண்ணுகூட அரபி கிடையாது, ஆறும் பாரசீகம். இன்னைக்கு ஈரான், ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான்னு மூணு நாட்டுல பேசுற மொழி அது. அதுலயும் ஜாம்ஷெட் மாதிரிப் பேரெல்லாம் இஸ்லாம் வர்றதுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல முந்தினது, நெருப்பைப் புனிதமா நினைச்ச ஜொராஸ்டிரிய மத ஜனங்களோட பேரு. இந்தப் பேருங்க எங்கேந்து வந்துச்சு, அர்த்தம் என்ன, எப்படி உடைச்சுப் பாக்கறதுன்னு ஒண்ணுமே தெரியாதவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். அரபி எழுத்துல 'பப்பாளி'யோட ப கிடையாது, 'பச்சை'யில வர்ற ச்ச கிடையாது, 'தங்கம்'ல வர்ற அந்த க-வும் கிடையாது. அதனால பர்வீன், பர்வேஸ், மனூச்செஹ்ர், குல்நாஸ் மாதிரி இந்த சத்தம் இருக்கற பேரு வந்தா அரபி இல்லைன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லலாம். ஆனா இதையே திருப்பிப் போட்டு, ஃபெரோஸ்ல ஃப இருக்கே அப்ப அது அரபியான்னு கேக்கக்கூடாது. அதோட பழைய வடிவம் பேரோஸ், வெற்றி பெற்றவன்னு அர்த்தம், 5ஆம் நூற்றாண்டுல அந்தப் பேர்ல ஒரு சசானிய ராஜாவே (இஸ்லாம் வர்றதுக்கு முன்னாடி இருந்த கடைசி ராஜவம்சம்) ஈரானை ஆண்டிருக்கார். அரபுக்காரங்க வந்தாங்க, அவங்க வாயில ப வரல, ஃப ஆக்கிட்டாங்க, கடைசில பாரசீகக்காரங்களும் அதையே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. மொழியோட பேருக்கே இதுதான் கதி, பார்ஸின்னு இருந்தது ஃபார்ஸி ஆயிடுச்சு. குஜராத்துக்கு வந்து சேந்த பார்சி ஜனங்க பேர்ல மட்டும் பழைய ப அப்படியே தங்கிடுச்சு.

உச்சரிப்பைப் பத்தி இன்னொண்ணும் சொல்லிடறேன், இது நிறைய பேருக்குத் தெரியாது. நம்ம பக்கம் ஃபெரோஸ், பர்வேஸ், ஜாம்ஷெட்னு சொல்றோம், ஈரான்காரங்க ஃபீரூஸ், பர்வீஸ், ஜம்ஷீத்னு சொல்வாங்க. அதைக் கேட்டதும் நாமதான் தப்பா சொல்றோம்னு தோணும். இல்லீங்க, நம்மளதுதான் பழசு. பாரசீகத்துல முன்னாடி ஏ, ஓ, ஈ, ஊ நாலும் தனித்தனியா இருந்துச்சு, ஈரான்ல பின்னாடி ஏ போய் ஈ-யோட கலந்துடுச்சு, ஓ போய் ஊ-வோட கலந்துடுச்சு. இந்தியாவுக்கு பாரசீகம் வந்தது அதுக்கு முன்னாடி, அதனால இங்க பழைய சத்தம் நின்னுடுச்சு, ஆப்கானிஸ்தானிலயும் தஜிகிஸ்தானிலயும் அப்படித்தான். இந்தக் கலப்பால ஈரான்ல சிங்கத்துக்கும் ஷீர், பாலுக்கும் ஷீர். பேச்சுல இடம் பாத்துத்தான் புரிஞ்சுக்கணும்.

சரி, பேரை உடைக்கற விஷயத்துக்கு வருவோம். பாரசீகப் பேருல நிறைய ரெண்டு துண்டை ஒட்டி வெச்சதுதான், துண்டுங்களும் ரொம்ப இல்ல. மாஹ்னா நிலா, ஷான்னா ராஜா, பரின்னா தேவதை, பெஹ்னா நல்ல, குல்னா பூ (ஈரான்ல கோல்னு சொல்வாங்க, சும்மா கோல்னு மட்டும் சொன்னா பல இடத்துல ரோஜாதான்). இதெல்லாம் முன்னாடி வர்றது. பின்னாடி ஒட்டறது, சான்னா போல, ருக்னா முகம், ஸாத்னா பிறந்த, தாத்னா கொடுத்த, யார்னா துணை, நாஸ்னா செல்லம் சிணுங்கல் ஒயில் மூணும் கலந்த ஒரு விஷயம். இப்ப ஒட்டிப் பாருங்க. மாஹ்சா, நிலா போல இருக்கறவ. மாஹ்ருக், நிலா முகம், நம்ம சந்திரவதனிதான். பரீசா, தேவதை மாதிரி. பெஹ்ஸாத், நல்ல இடத்துல பிறந்தவன். ரூஸ்னா நாள், அதனால பெஹ்ரூஸ்னா நல்ல நாள், மார்ச்ல வர்ற நௌரூஸ் புத்தாண்டுல இருக்கறதும் இதே ரூஸ்தான். பக்தியார், அதிர்ஷ்டம் துணையா இருக்கறவன்.

ஷாருக்கை ராஜமுகம்னு உடைக்கலாம், ஆனா அதுக்கு வேற ஒரு கதை ரொம்ப நாளா ஓடிக்கிட்டு இருக்கு. ருக்ங்கறது செஸ்ல யானைக்காய்க்கும் பாரசீகப் பேரு. தைமூர் செஸ் ஆடிக்கிட்டு இருந்தாராம், ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல மடக்கி 'ஷா-ருக்'னு சொன்ன அதே நேரத்துல பையன் பிறந்திருக்கான்னு சேதி வந்துச்சாம், அதையே பேரா வெச்சுட்டாராம். 1377ல பிறந்த அந்த ஷாருக் பின்னாடி ஹெராத்துல இருந்து பெரிய ராஜ்ஜியத்தை ஆண்டவர். கதை நிஜமோ என்னவோ, செஸ் பைத்தியம் பிடிச்ச அப்பாங்க செய்யக்கூடிய வேலைதான்.

ஈரான் பேருங்க எப்படி அடுக்கு அடுக்கா சேந்துச்சுன்னு புரிய 'கடவுள் குடுத்த பிள்ளை'ங்கற ஒரே அர்த்தத்தை எடுத்துக்கிட்டாலே போதும். ரொம்பப் பழைய அடுக்குல அது மெஹ்ர்தாத், மித்ரா தெய்வம் குடுத்தவன், கிரேக்கர்கள் மித்ரிடேட்டஸ்னு எழுதினது இதைத்தான். அடுத்து எந்தத் தெய்வத்துப் பேரும் சொல்லாம பொதுவா குதாதாத், ஈரான்காரங்க வாயில கொதாதாத். இஸ்லாம் வந்தப்புறம் அதே அர்த்தத்துல அரபியில அத்தாவுல்லா. அப்புறம் துருக்கிய ராஜாக்கள் காலத்துல அல்லாவெர்தி, அல்லா அரபி, வெர்தி துருக்கியில 'குடுத்தார்'. இஸ்ஃபஹான்ல 33 வளைவோட ஒரு அழகான பாலம் இருக்குல்ல, அது அல்லாவெர்தி கான் பேர்ல இருக்கறது, அவர் ஜார்ஜியாவுல பிறந்து ஈரான் ராஜாவுக்குத் தளபதியா இருந்தவர். அம்மா அப்பாவோட ஆசை எல்லாக் காலத்துலயும் ஒண்ணேதான், மேல ஆட்சியில இருக்கற மொழிதான் மாறிக்கிட்டே போகுது.

இந்த தாத் உங்களுக்கு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கும். தேவதத்தன், பிரம்மதத்தன்ல வர்ற தத்ததான் அது. பழைய பாரசீகமும் அவெஸ்தா மொழியும் (ஜொராஸ்டிரிய மத நூல் அவெஸ்தாவோட மொழி) சமஸ்கிருதத்துக்குக் கூடப்பிறந்தது மாதிரி, அதனால ஒரு பேரைக் கொஞ்சம் சுரண்டினா வேதத்துல வர்ற ஒரு பேரு தெரியும். ஒரு ரூல் மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, சமஸ்கிருதத்துல ஸ இருக்கற இடத்துல ஈரான் பக்கம் பெரும்பாலும் ஹ. சிந்து ஹிந்து ஆச்சு, அசுர அஹுரா ஆச்சு, சப்த ஹப்த ஆச்சு. (ஹிந்திப் படத்துல ரவுடிங்க வாராவாரம் வசூல் பண்ற ஹஃப்தா இருக்கே, ஏழு நாளுங்கற அந்த வார்த்தை இதுலேந்து வந்ததுதான்.) இப்ப குஸ்ரௌன்னு ஒரு பேரு, பழைய வடிவம் ஹவோஸ்ரவா, வேதத்துல சுஸ்ரவஸ், நல்ல புகழ் உள்ளவன். இந்தப் பேர் வெச்ச சசானிய ராஜாக்கள்ல ரெண்டு பேரு ரொம்பப் பெரிய ஆளுங்க, அதனால அரபுக்காரங்க பாரசீக ராஜா யாரா இருந்தாலும் 'கிஸ்ரா'ன்னே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

பஹ்ராம் இன்னும் சுவாரஸ்யம். அவெஸ்தாவுல அது வெரெத்ரக்னா, தடையை உடைக்கறவன், வெற்றித் தெய்வம். வேதத்துல இந்திரனுக்கு ஒரு பட்டம் விருத்ரஹன், அதேதான் இது. தேஞ்சு தேஞ்சு பஹ்ராம் ஆகி, ராஜாக்களுக்குப் பேராகி, செவ்வாய் கிரகத்துக்கும் பாரசீகத்துல அதே பேரு. மனூச்செஹ்ர்னா மனுவோட வம்சத்துல வந்தவன். சியாவஷ்னா கருப்புக் குதிரைக்காரன். குதிரைன்னதும் சொல்லணும், பேரோட கடைசியில அஸ்ப்னு வந்தா அது அஸ்வம்தான்: தஹ்மாஸ்ப், லொஹ்ராஸ்ப், கோஷ்தாஸ்ப், ஜாமாஸ்ப். ஒரு காலத்துல வீட்டுல எத்தனை குதிரை நிக்குதுங்கறதை வெச்சுத்தான் ஆளை மதிச்சிருக்காங்க, அந்தப் பெருமை அப்படியே பேருல ஏறிடுச்சு. ஜொராஸ்டிரிய மதத்தை உண்டாக்கின ஸரதுஷ்ட்ரா பேருல குதிரைகூட இல்ல, உஷ்ட்ரம், அதாவது ஒட்டகம். வயசான ஒட்டகம் வெச்சிருக்கறவர்னு அறிஞர்கள் பல பேர் அர்த்தம் சொல்றாங்க.

ஜம்ஷீத்? அது நம்ம யமன். அவெஸ்தாவுல யிமா க்ஷைத, ஒளி வீசுற யிமா. வேதத்துல யமன்தான் முதல்ல செத்த மனுஷன், அதனால செத்தவங்களுக்கு ராஜா ஆனார். ஈரான் பக்கம் அதே ஆளு உலகத்தோட பொற்காலத்தை ஆண்ட ராஜா, அவர் ஆட்சியில சாவும் நோயும் மூப்பும் கிடையாது. ஒரே பேரு, இங்க பிள்ளைக்கு வைக்க யாரும் நினைக்க மாட்டாங்க, அங்க ஆசை ஆசையா வைக்கறாங்க. ஜார்கண்ட்ல இருக்கற ஜாம்ஷெட்பூர் 1919ல ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா நினைவா பேர் வெச்ச ஊரு, அதனால கணக்குப்படி அது யமபுரம்! நடுவுல இருக்கற நசர்வான், அனூஷிர்வான்ங்கற பேரு சுருங்கினது, அதோட அர்த்தம் சாகாத ஆத்மா. யமனும் சாகாத ஆத்மாவும் ஒரே ஆளோட பேருல பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்காங்க.

இனிமே வர்றதுதான் எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம். ஈரான்ல தாரியூஷ், கூரோஷ், கஷாயார்னு பேரு வெச்சவங்க நிறைய. இதெல்லாம் 2500 வருஷத்துக்கு முந்தின ராஜாக்கள் பேரு, நாம டேரியஸ், சைரஸ், செர்க்செஸ்னு ஸ்கூல்ல படிச்சது. கெர்மான்ஷா பக்கத்துல பீஸோதூன்னு ஒரு மலை, அதுல பாறையைச் செதுக்கி டேரியஸ் சுமார் கி.மு. 520 வாக்குல மூணு மொழியில ஒரு பெரிய கல்வெட்டு வெட்டி வெச்சிருக்கார், 'நான் தாரயவவுஷ், பெரிய ராஜா'ன்னுதான் ஆரம்பம். தாரயன்னா தாங்கிப் பிடிக்கற, வவுன்னா நல்லது, நல்லதைத் தாங்கிப் பிடிக்கறவன். அப்புறம் வம்சம் சொல்றார், அப்பா விஷ்தாஸ்ப (பாத்தீங்களா, குதிரை), அவரோட அப்பா அர்ஷாம, இப்படியே மேல போகுது. அதே கல்வெட்டுல ராஜாங்கற வார்த்தை க்ஷாயதிய, அது தேஞ்சு தேஞ்சுதான் ஷா.

பாத்தா இந்தப் பேருங்கதான் ஈரான்ல ரொம்பப் பழமையா, அப்பன் பாட்டன் காலத்துலேந்து விடாம வந்திருக்கும்னு நினைப்பீங்க. இல்ல. பல நூறு வருஷமா அந்த நாட்டு ஜனங்களுக்கு டேரியஸையும் சைரஸையும் அனேகமா மறந்தே போச்சு. டேரியஸ் கட்டின பெர்செபோலிஸ் அரண்மனைத் தூணெல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது, யார் கட்டினதுன்னு தெரியல, அதனால 'தக்த்-எ ஜம்ஷீத்', ஜம்ஷீதோட சிம்மாசனம்னு பேர் வெச்சுட்டாங்க, இன்னைக்கும் ஈரான்ல அதுக்கு அதான் பேரு. பீஸோதூன் மலையில ராட்சஸ சைஸுக்கு மழமழன்னு செதுக்கின ஒரு பாறை இருக்கு, அதை ஷிரீன் மேல இருந்த காதல்ல ஃபர்ஹாத் தனி ஆளா செதுக்கினான்னு சொல்லிட்டாங்க. ராஜா வெட்டின கல்வெட்டுக்குப் பக்கத்துலயே காதல் கதை குடியேறிடுச்சு. 19ஆம் நூற்றாண்டுல ராலின்சன்னு ஒரு ஆங்கிலேய அதிகாரி அந்தப் பாறையில ஏறித் தொங்கி எழுத்தைக் காப்பி எடுத்தார், அந்த எழுத்தை வாசிச்ச பிறகுதான் ராஜாக்கள் திரும்ப உயிரோட வந்தாங்க, 20ஆம் நூற்றாண்டுல பிள்ளைங்களுக்குப் பேரானாங்க. அதாவது ஈரான்ல தாரியூஷ் பழைய பேருதான், ஆனா வீட்டுக்கு வீடு வந்தது லேட்டா.

அப்ப விடாம வந்தது எது? ஜம்ஷீத், ருஸ்தம், பஹ்ராம், ஃபெரைதூன், மனீஜே, தஹ்மீனே மாதிரி கதையில வாழ்ந்த பேருங்க. 651ல கடைசி சசானிய ராஜா மூணாம் யஸ்தகெர்த் மெர்வ் பக்கத்துல கொலையானார், அதோட பழைய ராஜ்ஜியம் முடிஞ்சுது. ஜனங்க கொஞ்சம் கொஞ்சமா மதம் மாறினாங்க, பேரும் மாறுச்சு. நல்ல உதாரணம் இப்னுல் முகஃப்பா, நம்ம பஞ்சதந்திரத்தை பாரசீகத்துலேந்து அரபிக்குக் கொண்டுபோனவர், 8ஆம் நூற்றாண்டு ஆளு. அவருக்குப் பிறவிப் பேரு ரோஸ்பெஹ், நல்ல நாள் (பெஹ்ரூஸைத் திருப்பிப் போட்டா ரோஸ்பெஹ்). மதம் மாறினதும் அப்துல்லா ஆனார். ரிச்சர்ட் புல்லியட்னு ஒரு அமெரிக்க வரலாற்று ஆசிரியர் இந்தப் பேர் மாற்றத்தையே ஒரு கருவியா ஆக்கிட்டார், பழைய வம்சாவளிகள்ல தாத்தா பாட்டன் பாரசீகப் பேரா இருந்து எந்தத் தலைமுறையில முதல் அரபிப் பேரு வருதுன்னு பாத்துப் பாத்து, ஈரான் எவ்வளவு வேகத்துல இஸ்லாத்துக்கு மாறுச்சுன்னு கணக்குப் போட்டார், 1979ல அது புத்தகமாவும் வந்துச்சு.

பழைய பேருங்க அப்படியே அழிஞ்சு போகாம காப்பாத்தினதுல பெரிய பங்கு ஃபிர்தௌஸிக்கு. தூஸ் ஊர்க்காரர், பழைய ஈரான் ராஜாக்கள், வீரர்கள் கதையைச் சொல்ற ஷாநாமாங்கற காவியத்தை சுமார் 50,000 ஈரடிப் பாட்டுல 1010ல முடிச்சார். ஒரு ஊரு டீக்கடையில, அங்க காவேகானேன்னு சொல்வாங்க, கதை சொல்றவர் குச்சியைத் தட்டித் தட்டி ருஸ்தம் கதையை ராகமா சொல்வாராம், எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் பேரெல்லாம் மனப்பாடம். ருஸ்தம் பேருக்கே அதுல ஒரு குட்டிக் கதை வருது. அம்மா ரூதாபேக்கு வயித்துல பிள்ளை ரொம்பப் பெருசு, பிரசவம் ஆகல, மயங்கிக் கிடக்கறா. அப்பா ஸால் சீமுர்க்ங்கற மாயப் பறவையோட இறகை நெருப்புல காட்டுறார், பறவை வந்து இறங்கி, அவளுக்கு மது குடுத்து மயக்கி விலாவைக் கீறிப் பிள்ளையை எடுங்க, அப்புறம் தைச்சு மூலிகை போடுங்கன்னு சொல்லுது. சிசேரியனேதான். கண்ணு முழிச்சுப் பிள்ளையைப் பாத்ததும் ரூதாபே 'ரஸ்தம்'னு சொல்றா, தப்பிச்சேன்டா சாமின்னு, அதுவே ருஸ்தம் ஆயிடுச்சாம். மொழி ஆராய்ச்சிக்காரங்க இதை ஒத்துக்க மாட்டாங்க, பேருல கடைசித் துண்டு 'தஹ்ம்', வலிமை, தஹ்மாஸ்ப்லயும் தஹ்மீனேலயும் இருக்கறது அதுதான்னு சொல்வாங்க. அவங்க சொல்றது சரிதான், ஆனா எனக்கு ரூதாபே சொன்ன அர்த்தம்தான் பிடிச்சிருக்கு.

மதம் ஒண்ணு, பேரு ஒண்ணுன்னு ஈரான்ல பிரிச்சு வைக்கவே முடியாதுங்கறதுக்கு ரெண்டு ராஜாக்களைப் பாருங்க. 1501ல ஈரானை ஷியா நாடா ஆக்கினவர் ஷா இஸ்மாயில், மத விஷயத்துல ரொம்பத் தீவிரமான ஆளு, ஆனா பசங்கள்ல மூணு பேருக்கு வெச்ச பேரு தஹ்மாஸ்ப், சாம், பஹ்ராம், மூணும் ஷாநாமா! (ஷெர் ஷா கிட்ட தோத்து ஓடின ஹுமாயூனுக்கு அடைக்கலம் குடுத்தது இந்த தஹ்மாஸ்ப்தான்.) அதுக்கு நேர்மாறா, கடைசி ஷா முஹம்மத் ரெஸா பஹ்லவி, 1971ல சைரஸ் பேரைச் சொல்லி 2500 வருஷ விழா எடுத்து உலகத் தலைவர்களையெல்லாம் கூப்பிட்டு விருந்து போட்டவர், அவர் பசங்க ரெண்டு பேருக்கு என்ன பேரு? ரெஸா, அலீரெஸா. ரெண்டுமே அரபி, ஷியாக்கள் நபியோட வாரிசா மதிக்கற இமாம்கள் பேரு.

அரபி அடுக்கைச் சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா அது உங்களுக்கு ஓரளவு தெரிஞ்சதுதான். முஹம்மத், அலி, ஹொசைன், ஃபாத்தெமே, ஸஹ்ரா எல்லாம் ஈரான்ல எங்க திரும்பினாலும் இருக்கும். இதுல ரெஸா ஈரானுக்கே உரிய செல்லம், எட்டாவது இமாம் ரெஸா மட்டும்தான் ஈரான் மண்ணுல, மஷ்ஹத்துல அடக்கமானவர். அரபியில அது ரிதான்னு கேக்கும், பாரசீக வாயில ரெஸா. ரெண்டு ரெண்டா சேத்து முஹம்மத்ரெஸா, அமீர்ஹொசைன்னு வைப்பாங்க, முன்னாடி குலாம், அதாவது அடிமை, போட்டு குலாம்ரெஸான்னு வைக்கறது தாத்தாங்க காலத்து வழக்கம். உமர், அபூபக்கர் ஷியா வீடுகள்ல வைக்க மாட்டாங்க, சுன்னி வீடுகள்ல உண்டு. வீட்டுல கூப்பிடறப்ப முஹம்மத் மமத் ஆயிடுவான், ஃபாத்தெமே ஃபாத்தி ஆயிடுவா, எந்தப் பேரா இருந்தாலும் பின்னாடி ஒரு 'ஜான்' போட்டாத்தான் அங்க பாசம்.

பொண்ணுங்க பேருக்கு வந்தா தோட்டத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும். யாஸமன் மல்லிகை வகை, இங்கிலீஷ்ல ஜாஸ்மின்னு சொல்றதுக்கு மூலமே அதுதான். நஸ்தரன் காட்டு ரோஜா, பனஃப்ஷே வயலட் பூ, கோல்நார் மாதுளம்பூ. நர்கீஸ் பூவை பாரசீகக் கவிதையில கண்ணுக்குச் சொல்வாங்க, அதுலயும் போதை ஏறின மாதிரி சொக்கற கண்ணு. லாலே, டியூலிப், நடுவுல கருப்பா இருக்கும், அதைக் காதல்ல வெந்த நெஞ்சோட தழும்புன்னு கவிஞர்கள் பாடினாங்க, பின்னாடி தியாகிகளோட பூ ஆயிடுச்சு. நீலூஃபர்னு ஒரு பேரு, அல்லி வகைப் பூ, அது வந்தது சமஸ்கிருத நீலோத்பலத்துலேந்து, நம்ம பழைய பாட்டுல நீலோற்பலம்னு வருதே அதே.

மேல வானத்தைப் பாத்தா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பேரு, பாரசீகத்துல ஒண்ணு அரபியில ஒண்ணு, ரெண்டையும் பொண்ணுக்கு வைப்பாங்க. சுக்கிரன் பாரசீகத்துல நாஹீத், பழைய நீர்த்தெய்வம் அனாஹிதா பேரு, மாசில்லாதவள், அரபியில ஸொஹ்ரே. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் பாரசீகத்துல பர்வீன், அரபியில சொரையா. அதாவது உங்க தெருவுல ஒரு பர்வீனும் ஒரு சுரையாவும் ஒரு கிருத்திகாவும் இருந்தா மூணு பேருக்கும் ஒரே பேருதான். பசங்களுக்கும் கிரகம் உண்டு, கேவான்னா சனி, ஹொர்மோஸ்னா வியாழன். சனியோட பேரை ஆசையா வெச்சுக் கூப்பிடுவாங்க, நம்மூர் ஜோசியர் கேட்டா மயக்கம் போட்டுடுவார்.

ஷிரீன்னா இனிப்பு, நெஜமாவே இருந்த ராணி, ரெண்டாம் குஸ்ரௌவோட கிறிஸ்தவ மனைவி. ரோஷனக்னா குட்டி வெளிச்சம், அலெக்சாண்டர் கட்டிக்கிட்ட ரொக்ஸானா பேரு அதுதான். அலெக்சாண்டர்னதும் ஒண்ணு, பெர்செபோலிஸை எரிச்ச ஆளு அவர், ஆனா எஸ்கந்தர்னு அவர் பேரைப் பிள்ளைக்கு வைக்கறாங்க. ஊர் ஊரா அழிச்ச செங்கிஸ், தைமூர் பேரும் உண்டு. ஆனா ஷாநாமாவுல தோள்ல முளைச்ச ரெண்டு பாம்புக்கு தினம் மனுஷ மூளையை இரையாக் குடுத்த ஸஹ்ஹாக் பேரை வைக்கற வீடு இல்ல. ஈரான்ங்கறதே பொண்ணுங்களுக்கு ஒரு பேரு, ஷாநாமாவுல ஈரானோட ஜென்ம எதிரி தூரான் நாடு, அதுவும் பொண்ணு பேருதான். ஒரே வீட்டுல அக்கா ஈரான், தங்கச்சி தூரான் இருக்கறதும் உண்டு, சண்டை வராம இருக்குமான்னு தெரியல.

பேரை அரசாங்கம் எழுதி வைக்க ஆரம்பிச்சது 1918ல, டெஹ்ரான்ல அப்பத்தான் பிறப்புச் சான்று குடுக்க ஆரம்பிச்சாங்க, 1925ல குடும்பப் பேரு கட்டாயம் ஆச்சு, கடைசி ஷாவோட அப்பா ரெஸா கானே அப்பத்தான் பஹ்லவின்னு ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக்கிட்டார். 1979 புரட்சிக்கப்புறம் ரூஹொல்லா, சொமையே, யாஸர் மாதிரி மதச் சாயல் உள்ள பேருங்க வேகமா ஏறுச்சு, பதிவு அலுவலகம் எந்தப் பேரு ஓகே எது இல்லைன்னு பாக்கவும் செய்யுது. அதனால சில குடும்பங்கள்ல சான்றிதழ்ல ஒரு பேரு, வீட்டுல ஒரு பேரு. 2022 செப்டம்பர்ல டெஹ்ரான்ல போலீஸ் காவல்ல இருந்து இறந்துபோன மாஹ்சா அமீனியை உலகமே மாஹ்சான்னுதான் தெரிஞ்சுக்கிச்சு, அது காகிதத்துல இருந்த பேரு. குர்து குடும்பம் வீட்டுல கூப்பிட்டது ஜீனா, குர்து மொழியில உயிர், வாழ்க்கைங்கற அர்த்தத்தோட சேந்த பேரு.

ஈரானுக்கு வெளிய போன பேருங்களுக்குத் தனியா ஒரு கட்டுரை வேணும். ஜார்ஜியாவுல ஸுராப்னு ஒரு சர்வ சாதாரணமான பேரு, அது ருஸ்தமோட மகன் சொஹ்ராப். முகலாயர்ல ஜஹாங்கீர்னா உலகத்தைப் பிடிச்சவன், அவுரங்கசீப்னா சிம்மாசனத்துக்கு அழகு. நூர்ஜஹானுக்கு முதல்ல இருந்த பேரு மெஹ்ருன்னிசா, மெஹ்ர் பாரசீகம், நிசா அரபி, பெண்களுக்குள்ள சூரியன். ஸான்ஸிபார்ல 1946ல ஒரு பார்சி வீட்டுல பிறந்த ஃபர்ருக் புல்சாரா, ஃபர்ருக்னா பாரசீகத்துல பாக்கியசாலி, பின்னாடி ஃப்ரெடி மெர்குரின்னு பேரை மாத்திக்கிட்டு மைக் பிடிச்சார். அரபியிலயும் ஃபாரூக்னு ஒரு பேரு இருக்கு, அது வேற, குழப்பிக்காதீங்க.

இதுவரைக்கும் வந்தவங்களுக்கு சென்னையிலயே ஒரு எக்ஸர்சைஸ் இருக்கு. ராயபுரத்துல 1910ல கட்டின பார்சி அக்னிக் கோயில், அதோட பேரு ஜால் ஃபிரோஜ் கிளப்வாலா தார்-இ-மெஹர். குஜராத்தி பேசின வாயில ஸ (இங்கிலீஷ் z சத்தம்) எல்லாம் ஜ ஆயிடும், அதைத் திருப்பி மாத்திப் பாருங்க. ஜால், ருஸ்தமோட அப்பா ஸால், பிறக்கும்போதே தலைமுடி வெள்ளையா இருந்ததால மலையில விடப்பட்டு சீமுர்க் பறவை வளத்த பிள்ளை. ஃபிரோஜ், வெற்றி பெற்ற பேரோஸ். தார்னா வாசல், மெஹர்னா மித்ரா, மித்ராவோட வாசல். நடுவுல இருக்கற கிளப்வாலாவுக்கு மட்டும் அவெஸ்தாவைப் புரட்ட வேண்டாம், அதுல பாதி இங்கிலீஷ்.